முதல் கோலியின் கனம்

கரிவலம்வந்தநல்லூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கிராம சபையில் யார் முதலில் எழுந்து யோசனை சொல்கிறாரோ, அவருக்குத்தான் கைகள் அதிகம் உயர்கின்றன. அரை மணி கழித்து அதைவிட நல்ல யோசனை வந்தாலும் எடுபடுவதில்லை. முதலில் சொன்னது நல்ல யோசனை என்பதால் ஜெயிக்கிறதா, முதலில் சொன்னதாலேயே ஜெயிக்கிறதா?"

கேள்வியின் பின்பாதிதான் சங்கதி. விஷயம் தெரிந்தவர்தான் பல நேரம் தயங்காமல் முதலில் எழுந்திருப்பார். ஆகவே முந்தியவர் ஜெயித்ததைக் காட்டி, முந்தியதால்தான் ஜெயித்தார் என்று சொல்லிவிட முடியாது. 'முந்துங்கள், வெல்லுங்கள்' என்று முழங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்தப் பள்ளத்தைப் பார்க்காமலே தாண்டிவிடுவார்கள். நாம் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்.

ஒரு பானைக்குள் சிவப்புக் கோலி ஒன்று, வெள்ளைக் கோலி ஒன்று. கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். குலுக்கிவிட்டு மறுபடி எடுங்கள். ஆட்டத்தின் விதி இவ்வளவுதான். எடுக்கும் ஒவ்வொரு கோலியும் உயரும் ஒரு கை. ஏற்கெனவே உயர்ந்த கைகள் அடுத்த கையை இழுக்கின்றன.

முதல் தடவை சிவப்பு வந்தால் பானையில் சிவப்பின் பங்கு 50 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 66.7 சதவீதமாகிறது. நூறு தடவை எடுத்து, 51 சிவப்பு, 51 வெள்ளை என்று சமமாக நிற்கும்போது அதே சிவப்பு வந்தால்? 50 சதவீதம் 50.5 ஆகிறது. கோலி அதே கோலிதான், வந்த வேளைதான் வேறு. முதல் கோலி சிவப்பாக இருந்துவிட்டாலே, ஆட்டம் எவ்வளவு நீண்டாலும் கடைசியில் சிவப்பே பெரும்பான்மையாக நிலைக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. முதல் மூன்றும் சிவப்பென்றால் 16இல் 15.

பக்கத்துச் சங்கரன்கோவிலில் பிரியாணிக்குப் பஞ்சமில்லை என்பதால் அங்கேயே போவோம். ஒரே நாளில், எதிரெதிரே, இரண்டு புதுக்கடைகள் திறப்பதாக வையுங்கள். அதே அரிசி, அதே ஆடு, சமைப்பவர்கள்கூட அண்ணன் தம்பி. பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நிழல் இருந்த பக்கத்துக் கடையில் நுழைகிறார். அடுத்தவர் ஒரு கடையில் ஒரு தலையையும் மறு கடையில் ஈயையும் பார்க்கிறார். தலை இருக்கும் இடத்துக்கே போகிறார். ஒரு மணிக்கு நிழல் இடம் மாறிவிட்டது, கூட்டம் மாறவில்லை. எலும்பு எங்கே அதிகம் விழும் என்று தெருநாய் வரைக்கும் முடிவு செய்தாகிவிட்டது. தம்பிக்குக் கைமணம் போதாது என்று ஊரும் பேசத் தொடங்கிவிட்டது. ஒன்றரை மணிக்கு உட்கார இடமில்லை, இரண்டுக்கு அண்டா காலி, வந்தவர்கள் எதிர்க்கடைக்கே திரும்புகிறார்கள். நம் பானையில் இடத்துக்குத் தட்டுப்பாடும் கிடையாது, அண்டா காலியாவதும் கிடையாது. நிஜ உலகில் முந்தியவரின் வெற்றி பானை சொல்லும் அளவுக்கு நிலைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் முதலில் கூட்டம் சேர்த்த சமூக வலைத்தளம் ஆர்குட். 2014இல் அது கடையை மூடியது.

வரலாறு வேண்டுவோருக்கு: 1923இல் எக்கன்பெர்கர், ஜார்ஜ் பொல்யா என்ற இரு கணிதர்கள் தொற்றுநோய் பரவும் விதத்தைக் கணக்கிட இந்தப் பானையை வைத்தார்கள். போதும், பானைக்குத் திரும்புவோம், அதன் சுவையான பகுதி இனிமேல்தான்.

இரண்டாவதாக ஒரு பானை. இதில் கோலி சேர்ப்பதே இல்லை. எடுப்போம், பார்ப்போம், திரும்பப் போடுவோம். ஆனால் சிவப்பின் பங்கு 0க்கும் 100க்கும் நடுவே ஏதோ ஒரு சதவீதமாக, குருட்டாம்போக்கில், முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. முதல் பானையில் ஜெயிப்பது அதிர்ஷ்டம். இரண்டாவதில் ஜெயிப்பது பிறவித் தரம். இரண்டிலிருந்தும் வந்த நிறங்களை வரிசையாக எழுதித் தந்தால் எது எந்தப் பானை என்று சொல்ல முடியுமா? முடியாது. சிவப்பு, சிவப்பு, வெள்ளை என்று வர முதல் பானையில் வாய்ப்பு 1/2 × 2/3 × 1/4, அதாவது 12இல் ஒன்று. இரண்டாவது பானையிலும் அச்சு அசலாக 12இல் ஒன்றுதான். எந்த வரிசையை எடுத்தாலும், அது எவ்வளவு நீளமானாலும், இரண்டு பானைகளும் ஒரே விடையைத் தரும்.

இதன் பொருள் கொஞ்சம் உறைக்கும். நடந்து முடிந்த ஒரு கூட்டத்தின் கைக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஜெயித்தது தரமா முந்தலா என்று யாராலும் தீர்ப்பளிக்க முடியாது. வெற்றியாளரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் அந்தத் தீர்ப்பைத்தான் தினமும் தருகிறார்கள். உண்மை தெரிய வேண்டுமானால் அதே கூட்டத்தைப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் புதிதாக நடத்திப் பார்க்க வேண்டும்.

அப்படியும் ஒன்று நடந்திருக்கிறது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை அது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள், 14,000க்கு மேற்பட்ட கேட்பவர்கள். கேட்பவர்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு உலகிலும் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும். ஒன்பதாவதாக வைத்த தனி உலகில் எண்ணிக்கையே காட்டப்படவில்லை. தரத்துக்கு அதுவே அளவுகோல். அந்த அளவுகோலில் 26ஆவது இடத்தில் நின்ற ஒரு பாட்டு, ஓர் உலகில் முதலிடம் பிடித்தது, இன்னோர் உலகில் 40ஆவது இடத்துக்குச் சரிந்தது. ஆனால் மிக நல்ல பாட்டு படுதோல்வி அடைவதும், மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அபூர்வமாகவே இருந்தன. ஆக, வாசகருக்கு விடை: இரண்டும்தான். தரம் இரு ஓரங்களை மட்டும் காவல் காக்கிறது. நடுவில் இருக்கிற பெருங்கூட்டத்தில் முந்தலும் அதிர்ஷ்டமும் சேர்ந்து ஆளுகின்றன.

இதற்கு மருந்தும் ஒரு பானைதான், அதுவும் நம்மூர்ப் பானை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வார்டுகளிலும், தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடையோருக்கே இடம் என்பதால், 'உலகின் முதல் ஜனநாயகம்' என்ற மேடைப் பெருமையை ஓரமாக வைத்துவிடலாம். என் கண் போவது வேறொரு விதியின் மேல்: முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழக் கூடாது. பொல்யாவின் பானை ஜெயித்தவருக்கு இன்னொரு கோலி கொடுக்கிறது. உத்திரமேரூர்க் குடம் ஜெயித்தவரின் ஓலையையே எடுத்துவிடுகிறது.

கிராம சபைக்கும் இதையே சற்று மாற்றி வைக்கலாம். யாரும் வாய் திறக்கும் முன் யோசனைகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி வாங்கி, குலுக்கி, எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு வாக்கையும் சீட்டிலேயே கேளுங்கள். உயர்ந்த கைகளைப் பார்த்து இன்னொரு கை உயரும் வழி அதில் அடைபடும். நல்ல யோசனையை எந்தப் பானையும் உண்டாக்கித் தராது; மட்டமான யோசனைக்கும் இதில் அதே வாய்ப்புத்தான். முந்தியதற்காக மட்டும் ஒன்று ஜெயிப்பது நிற்கும். அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார்.