தேற்றுவோரைத் தேற்றுவார் யார்?

வாகரைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த கதிரவெளி துயரம் பல கண்ட ஊர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தது. 2006 நவம்பர் 8இல், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்தன. 40இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் வாகரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

இத்தகைய வேளைகளில் பிறர் புண்ணுக்கு மருந்திடும் தாதியின் உள்ளத்துப் புண்ணை யார் காண்கின்றனர்? அழும் தாயைத் தேற்றுபவள், தான் அழுவதற்கும் பொழுதின்றி அடுத்த கட்டிலுக்கு விரைகின்றாள்.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1977ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 149ஆம் இலக்க உடன்படிக்கை, வேலை நேரம், வார ஓய்வு, விடுமுறை ஆகியவற்றில் தாதியர் ஏனைய தொழிலாளருக்குக் குறையாத நிலை பெறவேண்டும் என்கின்றது. ஆயினும் சட்டம் மட்டும் போதுமா? இரவுக் கடமை முடித்து வந்தவளை வீட்டார் உறங்க விடவேண்டும். முதன்முறை மரணத்தைக் கண்ட மாணவத் தாதியை, மூத்த தாதி அருகில் இருத்தி மனம்விட்டுப் பேசச் செய்யவேண்டும். நோயாளியின் உறவினராகிய நாமும் கடுஞ்சொல்லைத் தவிர்க்கவேண்டும்.

கைவிளக்கேந்திய காரிகையைப் போற்றும் நாம், அவ்விளக்குக்கு எண்ணெய் வார்க்கவும் மறவாதிருப்போமாக.