தன் குளத்தைத் தானே தோண்டிய கப்பல்

உலகின் புகழ்பெற்ற சின்னங்களைச் சொல்லச் சொன்னால் ஈபெல் கோபுரம், தாஜ்மஹால், பீசா கோபுரம் என்று பிள்ளைகள் மளமளவென்று ஒப்பிப்பார்கள். அவையெல்லாம் கட்டிய இடத்திலேயே நிற்பவை. பேராக்கின் சிம்பாங் பூலாயிலிருந்து பத்து காஜா போய், அங்கிருந்து தஞ்சோங் துவாலாங் சாலையைப் பிடித்தால் வேறு வகைச் சின்னம் ஒன்றைப் பார்க்கலாம். எடை 4,500 டன். ஈபெல் கோபுரத்தின் இரும்பே 7,300 டன்தான். அதில் பாதிக்கு மேல் எடையுள்ள இந்த இரும்பு மாளிகை, தண்ணீரில் மிதந்துகொண்டே 44 ஆண்டுகள் மண்ணை அள்ளியது.

தஞ்சோங் துவாலாங் 5, சுருக்கமாக டிடி5, ஓர் ஈயக் கப்பல், அதாவது ஈயத்தாதைத் தோண்டியெடுக்கும் மிதக்கும் இயந்திரம். 1938இல் இங்கிலாந்தின் எஃப்.டபிள்யூ. பெய்ன் அண்ட் சன் நிறுவனம் உருவாக்கியது. இந்த வட்டாரத்தில் ஆறு கப்பல்களை ஓட்டிய சதர்ன் மலாயன் டின் டிரெட்ஜிங் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது.

கடலே இல்லாத ஊரில் கப்பலுக்கு என்ன வேலை? விடை சிம்பாங் பூலாய் மலைகளிலேயே இருக்கிறது. கல் லாரிகளின் புழுதியோடு வாழும் நமக்குச் சுண்ணாம்புக்கல் மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே சுண்ணாம்புக்கல் கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணுக்கு அடியிலும் பரந்து கிடக்கிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. அந்தக் கருங்கல்லோடு சேர்ந்து உருவான ஈயத்தாதை மழையும் ஆறுகளும் நெடுங்காலமாக அரித்துக் கொண்டுவந்து, பள்ளத்தாக்கில் மணலோடும் களிமண்ணோடும் கலந்து படிய வைத்தன. அடியிலிருந்த அந்தச் சுண்ணாம்புக்கல் கூர்கூரான பாறையாக இருந்த இடங்களில் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைப் பம்பால் ஏற்றி அலசினார்கள். பத்து காஜாவுக்குத் தெற்கே தாழ்வான சதுப்பு நிலத்தில் ஆள் இறங்கித் தோண்ட முடியாது. அங்கேதான் கப்பல் தேவைப்பட்டது.

இத்தகைய கப்பலை எந்தத் துறைமுகத்திலிருந்தும் இழுத்து வருவதில்லை. பெரிய பள்ளம் ஒன்றை வெட்டி, அதற்குள்ளேயே பாகங்களைப் பூட்டி, பிறகு தண்ணீர் விட்டு மிதக்க வைப்பார்கள். டிடி5இன் மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். அதற்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு தொழிற்சாலையே உட்கார்ந்திருக்கிறது.

முன்பக்கம் நீண்ட ஏணி போன்ற இரும்புச் சட்டம் தண்ணீருக்குள் இறங்கும். அதைச் சுற்றி எஃகு வாளிகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஒவ்வொரு வாளியும் அடியில் மண்ணைக் கடித்து, மேலே ஏறி, கப்பலின் உச்சியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பும். கரையில் கட்டிய இரும்பு வடங்களை விஞ்சுகள் மாறி மாறி இழுக்க, கப்பல் இடமும் வலமுமாக அசைந்து அகலமாக வெட்டிக்கொண்டே போகும்.

கொட்டிய மண் முதலில் சுழலும் உருளைச் சல்லடைக்குள் விழும். தண்ணீர் பீய்ச்சியடிக்க, கல்லும் வேரும் பின்பக்கமாக வெளியேறும். நுண்மணல் மட்டும் ஜிக் என்னும் தொட்டிகளுக்கு இறங்கும். அங்கே நடப்பது நம் வீட்டு அரிக்கன்சட்டியில் அரிசி அரிக்கும் அதே வேலை. தண்ணீர் துடித்துத் துடித்து எழும்ப, லேசான மணல் மேலே மிதந்து ஓடிவிடும், கனமானது அடியில் தங்கும். மணல் தண்ணீரைவிட ஏறக்குறைய 2.65 மடங்கு கனம், ஈயத்தாது ஏறக்குறைய 7 மடங்கு. இந்த வித்தியாசம் ஒன்றை நம்பித்தான் அவ்வளவு பெரிய இயந்திரமும் ஓடியது. தாதைப் பிரிக்க அங்கே எந்த ரசாயனமும் தேவைப்படவில்லை.

அலசிய மண் பின்னால் கொட்டும். முன்னே பள்ளம், பின்னே மேடு. இப்படித் தன் குளத்தையும் கூடவே நகர்த்திக்கொண்டு கப்பல் நிலத்தின் ஊடே ஊர்ந்தது. அது கடந்துபோன இடத்தில் வளமான மேல்மண் எங்கோ அடியில் புதைந்து, வெறும் மணலும் குட்டைகளும் மிஞ்சின. பேராக்கின் ஈய வரலாற்றைப் புகழ்ந்து பேசுபவர்கள் இதை ஏனோ சட்டென்று கடந்துவிடுகிறார்கள். குட்டைகளில் பிறகு மீன் வளர்த்தார்கள். தஞ்சோங் துவாலாங்கின் பெரிய ஆற்று இறாலுக்காகவே இன்று காரெடுத்து வருகிறவர்கள் உண்டு.

மலாயாவில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈயக் கப்பல்கள் ஓடின. டிடி5 1982இல் நின்றது. 1985 அக்டோபரில் சர்வதேச ஈயக் கழகம் பணமில்லாமல் கைவிரித்ததும் உலகச் சந்தையில் விலை சரிந்தது, மற்ற சுரங்கங்களும் வரிசையாக மூடப்பட்டன. பெரும்பாலான கப்பல்களைப் பழைய இரும்பாக உடைத்து விற்றுவிட்டார்கள். தப்பிய டிடி5உம் மிதவையில் தண்ணீர் புகுந்து ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த சின்னம் பேராக்குக்குப் புதிதல்ல. தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய கோபுரம் இன்னும் சாய்ந்தபடிதான் நிற்கிறது. ஆனால் மிதவை கோபுரம் போலச் சாய்ந்தே காலம் தள்ள முடியாது, ஒருநாள் மூழ்கிவிடும். நல்லவேளையாகச் சீர்செய்து பார்வைக்குத் திறந்தார்கள்.

போகிறவர்கள் வெளியே நின்று படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். வழிகாட்டியோடு உள்ளே ஏறி, வாளி கவிழும் உச்சியிலிருந்து கழிவு விழும் பின்பக்கம் வரை, மண் போன வழியைப் படிப்படியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வெயில் ஏறினால் தகரமும் இரும்பும் தகிக்கும், ஆகவே காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.