உங்களுக்குத் தெரியுமா? பகைவர்கள் கட்டித் தழுவிய இரவு

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே முடிவாகிவிடும். அந்த ரகசியத்தை வீரர்கள் உயிராய்க் காத்தார்கள். மேடையில் எதிரிகளாக மோதுபவர்கள் வெளியிலும் ஒன்றாகத் தென்படக் கூடாது என்பது அந்நாளைய கட்டுப்பாடு.

அது வெளிப்படையாக உடைந்தது 1996 மே 19 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். டபிள்யூ.டபிள்யூ.எஃப் மல்யுத்த நிறுவனத்தின் வீரர்களான கெவின் நாஷும் ஸ்காட் ஹாலும் போட்டி நிறுவனத்துக்குப் போகவிருந்த நேரம் அது. நண்பர்களை வழியனுப்ப, சற்றுமுன் அவர்களோடு மோதிய ஷான் மைக்கேல்ஸும் டிரிபிள் ஹெச்சும் ரசிகர்கள் முன்னிலையிலேயே கட்டித் தழுவினார்கள்.

தண்டனை டிரிபிள் ஹெச் தலையில் விழுந்தது. அவருக்கென வைத்திருந்த அந்த ஆண்டின் ‘கிங் ஆஃப் தி ரிங்’ பட்டம் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. ஆஸ்டின் என்ற மாபெரும் நட்சத்திரம் எழுந்தது அங்கிருந்துதான்!

நம் ஊர்ப் பிள்ளைகள் டிரம்ப் கார்டுகளில் பார்த்த டபிள்யூ.டபிள்யூ.எஃப், 2002இல் டபிள்யூ.டபிள்யூ.இ ஆனது. 2010இல் தலையில் நாற்காலியால் அடிப்பதற்குத் தடை வந்தது. பழைய ரசிகர்கள் சிலர் வேகம் குறைந்ததாகக் குறைபட்டாலும், வீரர்களின் மூளையைக் காக்கும் இந்தத் தடை மிகச் சரியானது. 2019இல் அந்நிறுவனத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெசில்மேனியாவின் இறுதிப் போட்டியில் முதன்முறையாகப் பெண்கள் மோதினார்கள்.

அன்று தண்டிக்கப்பட்ட டிரிபிள் ஹெச்தான் 2022 முதல் அந்நிறுவனத்தின் கதைகளைத் தீர்மானிக்கிறார்.