டிராக் பைக்கில் ஏபிஎஸ் வேண்டுமா?

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே பழைய கேடிஎம் ஆர்சி 390 ஒன்றை வாங்குகிறவர்கள் உண்டு. வண்டி வந்ததும் முதலில் ஹெட்லைட் போகும். பிறகு கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட். எல்லாம் போன பிறகு மெக்கானிக் ஸ்பானரும் கையுமாக நின்று கேட்பார்: "ஏபிஎஸ்ஸையும் தூக்கிடலாமா சார்?"

பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகளுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. மோட்டோஜிபியில் ஏபிஎஸ் கூடாதென்று விதியே இருக்கிறது. இந்திய இளைஞர்களுக்காக ஹோண்டா நடத்திய டேலண்ட் கப்பில் ஓடிய என்எஸ்எஃப்250ஆர் வண்டியிலும் அது இல்லை. சாலை வண்டியின் கதை வேறு. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட எந்த இருசக்கர வாகனத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குப் பிறகு தயாரான எதை டிராக்குக்கு வாங்கினாலும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்தே வரும்.

அது செய்யும் வேலை எளியது. சக்கரத்தோடு சுற்றும் வளையத்தை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரம் மட்டும் சட்டென்று நிற்கப் போனால், கணினி அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைக் கணநேரம் குறைத்து, மறுபடி ஏற்றும். நனைந்த சாலையில் குறுக்கே நாய் ஓடினால் உயிரைக் காப்பது இதுதான்.

டிராக்கில் இதே வேலை சில நேரம் இடைஞ்சலாகிறது. சூடேறிய ஸ்லிக் டயர் தரையை அப்படிப் பிடிக்கும். உலர்ந்த தார்ப்பரப்பில் முன் சக்கரம் பூட்டிக்கொள்வதற்கு முன்பே பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது வாடிக்கை. சாலைக்கென்று அமைத்த பல ஏபிஎஸ்களுக்கு அது ஆபத்து அறிகுறி. உடனே முன் பிரேக்கைத் தளர்த்திவிடும். தடத்தில் சிறு மேடுபள்ளம் இருந்து சக்கரம் துள்ளினாலும் இதே கதைதான். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 40 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக் கால் நொடி தளர்ந்தாலே, திரும்ப வேண்டிய இடம் பத்து மீட்டர் பின்னால் போயிருக்கும். அடுத்து மண்தான். இந்த அனுபவம் ஒருமுறை வாய்த்தவர் ஏபிஎஸ்ஸைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

எடையைக் காரணம் காட்டுகிறவர்களிடம் அந்த நியாயம் இல்லை. 1988-ல் பிஎம்டபிள்யூ கே100-ல் முதன்முதலாக ஏபிஎஸ் வந்தபோது அது 11 கிலோ கனம். பாஷ் நிறுவனத்தின் ஒன்பதாம் தலைமுறை ஏபிஎஸ்ஸின் அடிப்படை வடிவம் சுமார் 700 கிராம். ஓட்டுபவர் ஒரு வாரம் பரோட்டாவை நிறுத்தினால் அதைவிட அதிகமாகக் குறையலாம்.

கழற்றுவதா, விடுவதா என்று முடிவெடுக்கும் முன் வண்டியில் இருப்பது எந்த ஏபிஎஸ் என்று பார்க்க வேண்டும். 2022-ல் வந்த புதிய ஆர்சி 390, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் கணக்கிட்டு பிரேக்கை ஆளும். அதிலுள்ள சூப்பர்மோட்டோ முறையைப் போட்டால் பின் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் விலகிக்கொள்ளும், முன் சக்கரத்துக்கு இருக்கும். பெரும்பாலான டிராக் ஓட்டிகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. சாய்வே தெரியாத பழைய ஏபிஎஸ் உள்ள வண்டியைத்தான் யோசிக்க வேண்டும். அதிலும் ஒரு கேள்வி: உலர்ந்த தடத்தில், பதற்றமில்லாமல் பிரேக் பிடிக்கும்போதும் லீவர் விரலில் அதிர்கிறதா? இல்லையென்றால் ஏபிஎஸ் ஓட்டுபவரின் லேப் நேரத்தைத் தொடவே இல்லை. மழைத் தூறலிலும், டயர் இன்னும் சூடேறாத முதல் சுற்றிலும், முன்னால் போகிறவர் திடீரென விழும்போதும் மட்டும் அது வேலை செய்துகொண்டிருக்கும். அதைக் கழற்றுவது வீண் தைரியம்.

லீவர் அடிக்கடி அதிர்கிறவர் முதலில் ஃபியூஸை எடுத்துப் பார்க்கலாம். பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். சில வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் அதே சென்சாரை நம்பியிருப்பதால், அதுவும் சேர்ந்து படுத்துவிடும். மழை வந்தால் ஃபியூஸைத் திரும்பச் செருகினால் போதும்.

யூனிட்டையே கழற்றுவது கடைசிப் படி. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பருக்கு நேராக ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட வேண்டும். ஏர் எடுத்து பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும். இதில் ஒரு லாபம் உண்டு. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கும் சில குழாய்களில் தங்கும் பழைய ஆயிலும் காற்றும் சாதாரணமாக ஏர் எடுத்தால் வெளியே வராது. கணினியை இணைத்து உள்ளே உள்ள வால்வுகளை இயக்க வேண்டும். யூனிட் போனால் அந்தத் தொல்லை இல்லை. டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். தொடர்ந்து சுற்றும் வண்டியில் லீவர் திடீரென்று பஞ்சாகிப் போவது பெரும்பாலும் இதனால்தான். பழி மட்டும் ஏபிஎஸ் மேல் விழும். ஆகவே யூனிட்டில் கைவைக்கும் முன் ஆயிலையும் பிரேக் பேடையும் மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் டிராக்கை விட்டு வெளியே வராத வண்டிக்கு மட்டும். டிராக் வரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகாமல் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே போகிறவர், ஏபிஎஸ்ஸைக் கழற்றுவது பற்றிப் பேசவே கூடாது. சட்டமும் அதற்கு இடம் தராது.