கீழ் ஃப்ரீசர் பிரிட்ஜ்: வாங்கும்போதும், மக்கர் செய்யும்போதும்

கீழ் ஃப்ரீசர் பிரிட்ஜில் பால், மாவு, காய்கறி, குழம்பு வைக்கும் பெரிய அறை மேலே இருக்கும். ஃப்ரீசர் கீழே, இழுப்பறைகளாக அமைந்திருக்கும். நாள் முழுக்கத் திறந்து மூடப்படுவது மேல் அறைதான். ஃப்ரீசரைத் தொடுவது ஓரிரு முறை. வழக்கமான டபுள் டோர் பெட்டியில் காய்கறித் தட்டு தரையை ஒட்டிக் கிடக்கும். கறிவேப்பிலைக்கும் பச்சை மிளகாய்க்கும் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். இதில் அந்தத் தட்டு இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. முழங்கால் வலியோ முதுகு வலியோ உள்ளவர்கள் சமைக்கும் வீட்டில் இந்த ஒரு வசதியே கூடுதல் விலைக்கு ஈடாகும். வாரம் முழுக்க மீனும் இறைச்சியும் உறைய வைத்து எடுக்கும் வீட்டுக்கு நிலைமை வேறு. அங்கே குனிவது ஃப்ரீசருக்காக என்று ஆகிவிடும். மேல் ஃப்ரீசரே சௌகரியம், விலையும் பொதுவாகக் குறைவு.

இந்த அமைப்பின் தொல்லைகளுக்குப் பெரும்பாலும் காரணம் காற்றோட்டம். குளிர்ந்த காற்று கனமானது; தானாகக் கீழே இறங்கும். ஃப்ரீசர் மேலே இருந்தால் இந்த இயல்பு பெட்டிக்குத் துணை நிற்கும். ஃப்ரீசர் கீழே போய்விட்டால் குளிரை மேலே ஏற்றியாக வேண்டும். ஃப்ரீசரின் பின்சுவர்த் தகட்டுக்குப் பின்னால் குளிர் காயிலும், அதற்கு மேல் ஒரு சிறிய ஃபேனும் இருக்கும். ஃபேன் தள்ளும் காற்று பின்பக்கத்துக் குழாய்ப் பாதை வழியாக மேல் அறைக்கு ஏறி, துவாரங்கள் வழியே பரவும். பாதையில் டேம்பர் என்ற சிறு கதவு இருக்கும். சென்சார் காட்டும் வெப்பநிலைக்கு ஏற்ப அது திறந்து மூடும். இரு அறைக்கும் தனித்தனிக் காயில் வைத்த மாடல்களும் உண்டு. மற்றவற்றில் மேல் அறைக்குக் குளிர் கிடைப்பதெல்லாம் அந்த ஒரு ஃபேனையும் ஒரு பாதையையும் நம்பித்தான்.

கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே புகும் ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைக்க, கம்ப்ரசர் சில மணி நேரம் ஓடிய பிறகு ஒரு ஹீட்டர் கொஞ்ச நேரம் சூடாகும். கரைந்த நீர் கீழே உள்ள வடிகால் துளை வழியாக, கம்ப்ரசர் பக்கத்துத் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். வீட்டில் நடக்கும் பழுதுகளில் பெரும்பகுதி ஃபேன், காற்றுப் பாதை, ஹீட்டர், வடிகால் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் தொடங்குகிறது. கேஸ் கசிவும் கம்ப்ரசர் பழுதும் அவற்றுக்கு அப்புறம்தான்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவு. இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் 300 லிட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ வருகின்றன. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது தாராளம். ஃப்ரீசருக்கு எத்தனை லிட்டர், மேல் அறைக்கு எத்தனை லிட்டர் என்று பிரித்துக் கேட்க வேண்டும். இழுப்பறைகளும் அவற்றின் சுவர்களும் இடத்தைத் தின்பதால், காகிதத்தில் உள்ள லிட்டருக்கும் உண்மையில் பாத்திரம் வைக்கும் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கும். வீட்டு மாவுப் பாத்திரத்தின் உயரத்தை அளந்து கொண்டுபோய்த் தட்டுகளுக்கு இடையே பொருந்துமா என்று பார்த்துவிட்டால் பின்னால் வருத்தம் இல்லை. பெட்டி ஏறிவர வேண்டிய வாசல், மாடிப்படித் திருப்பம், சமையலறைக் கதவு மூன்றின் அகலமும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது மின்சிக்கன நட்சத்திரக் குறி. இப்படிப் பனியைத் தானே கரைக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ பெட்டிகளுக்கு இந்தியாவில் இது 2010 முதல் கட்டாயம். தரவரிசை அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. குறியில் அச்சிட்ட காலத்தையும் பார்க்க வேண்டும். நட்சத்திரத்தைவிட உபயோகமானது அதே குறியில் உள்ள வருடாந்திர யூனிட். அதை ஆறால் வகுத்தால் தமிழ்நாட்டின் இரண்டு மாத மின்கட்டணத்தில் பிரிட்ஜின் பங்கு தெரியும்: 240 யூனிட் என்றால் ஒரு பில்லுக்குச் சுமார் 40. எத்தனை லிட்டர் பெட்டிக்கு இந்த யூனிட் என்று சேர்த்துப் பார்த்துத்தான் இரண்டு மாடல்களை ஒப்பிட வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று, பெட்டியின் விவரத் தகட்டில் உள்ள காலநிலை வகுப்பு. 'டி' என்ற எழுத்து இருந்தால் 43 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கு வடிவமைத்தது. 'எஸ்டி' என்றால் 38 வரை. 'என்' என்றால் 32 வரைதான். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதச் சமையலறைக்கு 'டி' வகுப்பே வேண்டும்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசர் நின்று நின்று ஓடாமல், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும். மின்சாரம் மிச்சம், சத்தம் குறைவு, தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டமும் குறைவு. ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று பெட்டியில் எழுதியிருந்தால், எந்த வோல்டேஜிலிருந்து எது வரை என்று கேட்டறிந்து தெருவின் வோல்டேஜோடு ஒப்பிட வேண்டும். பத்து வருட வாரண்டி என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். எலக்ட்ரானிக் போர்டு, ஃபேன், கேஸ், கூலி ஆகியவை அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் எர்த் உள்ள தனிப் பிளக்கில் இணைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டு ஆன் செய்தால் கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கும். முன்பக்கம் துளி உயரமாக இருந்தால் கதவு தானே மூடிக்கொள்ளும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் மேல் அறை 3 முதல் 4 டிகிரியிலும் இருப்பது சரியான அளவு. திரையில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு இரவு முழுக்க உள்ளே வைத்துக் காலையில் படிப்பதே நம்பகமான சோதனை.

இனி மக்கர். கீழ் ஃப்ரீசர் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் புகார் ஒன்றுதான்: கீழே ஐஸ் கல்லாக இருக்கிறது, மேலே பால் திரிந்துபோகிறது. ஃப்ரீசர் நன்றாகக் குளிர்கிறது என்றால் கம்ப்ரசரும் கேஸும் அநேகமாகச் சரியாகவே இருக்கின்றன. குளிர் மேலே ஏறவில்லை என்பதுதான் பிரச்சினை. முதலில் துவாரங்களை அடைத்துக்கொண்டு பாத்திரமோ கீரைக்கட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஃபேன். பல மாடல்களில் கதவைத் திறந்ததும் ஃபேன் நின்றுவிடும். கதவு சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் சுழலும் ஓசை கேட்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃபேனோ அதற்கு மின்சாரம் தரும் போர்டோ சந்தேகத்துக்கு உரியது. கரகரவென்று உரசினால் அது பனியில் மாட்டியிருக்கிறது.

ஃப்ரீசரின் பின்சுவரில் வெள்ளைப் பனி படர்ந்திருந்தால், காயில் முழுக்க உறைந்து காற்று நுழைய வழியில்லை என்று பொருள். இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கி, பொருள்களை எடுத்துவிட்டு, இரண்டு கதவுகளையும் திறந்து, கீழே பழைய துணி விரித்து ஒரு முழு நாள் விட வேண்டும். மறுபடி ஆன் செய்ததும் மேல் அறை நன்றாகக் குளிர்ந்து, சில நாள்களில் அல்லது ஓரிரு வாரத்தில் பழைய கதை திரும்பினால், பனியைக் கரைக்கும் ஹீட்டரோ அதன் சென்சாரோ போர்டோ பழுது. இந்த ஒரு தகவலை மெக்கானிக்கிடம் சொன்னாலே வேலை பாதி முடிந்தது. கத்தியால் பனியைக் குத்திப் பெயர்ப்பது மட்டும் கூடவே கூடாது. காயிலில் ஓட்டை விழுந்தால் சிறிய பழுது பெரிய செலவாகிவிடும்.

ஃப்ரீசர் அடியில் பனித்தகடு சேர்வதும் தரையில் தண்ணீர் ஓடுவதும் வடிகால் அடைப்பின் அடையாளம். துளை கண்ணில் படும் மாடல்களில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் செலுத்தினாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும்; கொதிநீர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். மேல் அறையில் தக்காளி உறைந்து கல்லானால் டேம்பர் திறந்தே மாட்டியிருக்கலாம், சென்சார் தவறாகக் காட்டலாம், அல்லது பொருள் துவாரத்தை ஒட்டி இருக்கலாம். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்தால், எதிர்ப்பே இல்லாமல் வரும் இடத்தில் காற்று புகுகிறது. வெந்நீரும் சோப்பும் போட்டு அழுக்கைத் துடைத்த பிறகும் அப்படியே வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

பக்கச் சுவர்கள் சூடாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பல மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் அங்கேதான் பதிந்திருக்கின்றன. இரண்டு அறைகளும் குளிராமல், சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் கம்ப்ரசர் தொடங்கத் திணறுகிறது: குறைந்த வோல்டேஜ், அதைத் தொடக்கி வைக்கும் ரிலே, அல்லது கம்ப்ரசரே காரணமாகலாம். கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் இரண்டு அறைகளும் குளிரவில்லை என்றால் மட்டுமே கேஸ் மீது சந்தேகம் வர வேண்டும்.

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்ற பேச்சு பல வீடுகளில் தேவையில்லாத செலவு வைத்திருக்கிறது. அது எரிபொருள் அல்ல, ஓடி ஓடித் தீர்வதற்கு. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் மறுபடி நிரப்பினால் அதுவும் போகும். இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன். பழைய ஆர்-134ஏ-யோடு ஒப்பிட்டால் புவியைச் சூடாக்கும் தன்மை மிகக் குறைவு. ஆனால் தீப்பிடிக்கக் கூடியது. அளவு சில பத்து கிராம்தான் என்பதால் தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும்; கையால் அனுமானிக்கும் வேலை அல்ல. சரியான மெக்கானிக் கேஸை வெளியேற்றி, கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, வேக்கூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே நிரப்புவார். குழாயில் கேஸ் இருக்கும்போது நெருப்பு வைத்துப் பற்றவைக்க வருபவரை வீட்டுக்குள் விடக்கூடாது. கசிவு சுவரின் ஃபோமுக்குள் புதைந்த குழாயில் இருந்து, பெட்டியும் பத்து வருடம் கடந்திருந்தால், அந்தப் பணத்தைப் புதுப் பெட்டிக்கு ஒதுக்குவதே லாபம்.