மனிதர் நீங்கிய நகரம்: ராம் குமாரின் நிலக்காட்சி ஓவியங்கள்

அருவ ஓவியம் மனிதனைக் கைவிட்ட கலை என்னும் குற்றச்சாட்டு முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலம் நிலவி வந்ததாகும். மனிதனும் அவனது உழைப்பும் இடம்பெறாத சித்திரம் சமூகப் பொறுப்பினின்றும் விலகியது என்பதே இவ்வாதத்தின் சாரம். இதனைப் பரிசீலிப்பதற்கு இந்திய ஓவியர் ராம் குமாரின் படைப்புகள் பெரிதும் துணைபுரிகின்றன. அவை எழுப்பும் வினா சப்ரகமுவத் தோட்டங்களை அறிந்தோர்க்கு அந்நியமானதன்று.

1924இல் சிம்லாவிற் பிறந்த ராம் குமார், டில்லியிற் பொருளியல் பயின்றவர், இந்திச் சிறுகதையாசிரியருமாவார். நாவலாசிரியர் நிர்மல் வர்மா இவரது தம்பி. 1950ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் சென்று அந்திரே லோத், பெர்னாண்ட் லெஜே ஆகியோரிடம் ஓவியம் கற்ற இவர், அங்கு இடதுசாரிகளுடன் நெருங்கிப் பழகினார். நாடு திரும்பியபின் தீட்டிய சித்திரங்களில், வேலையற்ற இளைஞரும் நடுத்தர வர்க்கத்தினரும் நெருங்கிய வீடுகளின் முன்னே சோர்ந்த முகங்களுடன் நிற்பதைக் காணலாம். சுதந்திர இந்தியாவின் நகரவாழ்வு அளித்த ஏமாற்றமே இவற்றின் பொருள்.

1960இல் எம். எப். ஹுசைனுடன் காசிக்குச் சென்றமை திருப்புமுனையாயிற்று. அதன்பின் இவரது நிலக்காட்சிகளில் மனித உருவம் மறைந்தது. முன்னர் பின்னணியாயிருந்த வீடுகளே ஓவியத்தின் பொருளாயின. வீடு, படித்துறை, ஆறு என்பன அடையாளங் காணத்தக்கனவாயினும், அவை சாய்ந்த தளங்களாகவும் கோணங்களாகவும் சுருங்குகின்றன. அண்மை, சேய்மை என்னும் வேறுபாடு தளர்ந்து, சுவர்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. சாளரங்கள் வெறும் கரும்புள்ளிகளாகின்றன. சாம்பலும் மண்ணிறமும் மங்கிய நீலமும் மேலோங்குகின்றன. இதனையே பகுதி அருவம் என்கிறோம்.

இது சமூகத்தினின்றும் தப்பியோடுதலா? அவ்வாறு முடிவுசெய்தல் அவசரமாகும். காசி, இறப்பை எதிர்நோக்கி முதியோரும் கைம்பெண்டிரும் வந்து தங்கும் நகரம். அத்துயரத்தைத் தனியொருவர் முகத்திற் காட்டுவதற்குப் பதிலாக, அவர்களை அடக்கிவைத்திருக்கும் சுவர்களின் நெருக்கத்தில் ஓவியர் காட்டினார். எனினும், 2018இல் மறையும்வரை தொடர்ந்த இவரது பிற்காலப் படைப்புகளில் வீடுகளும் பெரிதும் கரைந்து நிறமே எஞ்சியது. ஆங்கே சமூக உள்ளடக்கம் மெலிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இனி, நம் நிலக்காட்சியை நோக்குவோம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்க் காடுகளுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே அமைந்த லயன்கள், கிராமத்தைக் காட்டிலும் ஆலைநகரின் தொழிலாளர் குடியிருப்பையே ஒத்தவை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராக்கள் பொதுச்சுவர்களால் இணைக்கப்பட்டுள்ளன. துரை பங்களாவின் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இவை பசுமையினூடே ஓடும் ஓர் அழகிய கோடு மாத்திரமே. தோட்டத்துரைமார் காலத்து நிலக்காட்சிகளும் இன்றைய சுற்றுலா விளம்பரங்களும் பெரும்பாலும் அக்கண்கொண்டே மலையகத்தைக் காண்கின்றன. அங்கும் மனிதர் இல்லை, அல்லது அலங்காரமாக உளர்.

ஆயின், வெறுமையான லயத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. 1977, 1981ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து மேலும் பலரை வடக்கே விரட்டின. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியவில் மண்சரிவு லயக் காம்பராக்களை அவற்றுள் இருந்தோருடன் புதைத்தது.

எனவே, மனிதர் இன்மை இருவகைப்படும். ஒன்று, பார்ப்பவன் அவர்களைக் காண மறுத்ததால் விளைந்தது. மற்றையது, இருந்தோர் நீங்கியமையால் விளைந்தது. முன்னையதில் சுவர் வெறும் அழகு; பின்னையதிற் சுவரே சாட்சி. ராம் குமாரின் காசி ஓவியங்கள் இரண்டாம் வகையின. மலையகத்தை வரைய முற்படும் ஓவியர் மனித உருவைத் தீட்டுகிறாரா, இல்லையா என்பதைவிட, அவரது சுவர்களில் வாழ்ந்தோரின் புகையும் கறையும் எஞ்சியுள்ளனவா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வியாகும்.