வழக்கேட்டைத் தமிழில் கேளுங்கள்

'கோட்டுக் கடதாசி' என்று லயத்து வீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பதை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அது அழைப்பாணையாக இருக்கும். இல்லையென்றால் சட்டத்தரணிக்குக் காசு கட்டிய பற்றுச்சீட்டு, அடுத்த தவணைத் திகதி எழுதிய ஒரு துண்டு. வழக்கு என்னவாக முடிந்தது என்று சொல்லும் கடதாசி அந்தப் பெட்டியில் அநேகமாக இருக்காது. அது பதுளையிலோ பண்டாரவளையிலோ வெலிமடையிலோ நீதிமன்றப் பதிவறை ஒன்றில், வழக்கேட்டுக்குள் கிடக்கும்.

அது இல்லாமலே பத்து வருஷம் ஓடிவிடும். பிறகு ஒருநாள் திடீரென்று தேவைப்படும். மறுமணப் பதிவுக்குப் போனால் பழைய விவாகரத்துத் தீர்ப்பாணையைக் கேட்பார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்று எடுக்கப் போனால், எப்போதோ விடுதலையான வழக்கு ஒன்று வந்து நிற்கும். தாபரிப்புப் பணம் நின்றுபோனால் எந்தத் திகதியில், எவ்வளவு தொகைக்குக் கட்டளை இடப்பட்டது என்று காட்ட வேண்டும். தகப்பன் பெயரில் இருந்த சேமிப்பை எடுக்க மரணசாதன வழக்கின் பிரதி வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது நீதிமன்றம் முத்திரையிட்டுச் சான்றுப்படுத்திய பிரதி. யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படம் கணக்கில் வராது. சான்றுக் கட்டளைச் சட்டப்படி நீதித்துறையின் செயல்களைப் பதியும் ஆவணம் பொது ஆவணம். அதைப் பார்வையிட உரிமை உள்ளவர் உரிய கட்டணம் கட்டிப் பிரதி கேட்டால், பொறுப்பிலுள்ள அலுவலர் 'இது உண்மைப் பிரதி' என்று அடியில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். 1895 இலிருந்து இதுதான் சட்டம்.

முதலில், ஏடு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரே வளாகத்துக்குள் இருந்தாலும் நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவகங்கள். அடிதடி, களவு, தாபரிப்பு எல்லாம் நீதவான் நீதிமன்றத்தில். அரச காணியிலிருந்து வெளியேற்றக் கேட்டு 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் விண்ணப்பமும் அங்கேதான். விவாகரத்து, காணி, மரணசாதனம், பிள்ளையைத் தத்தெடுத்தல் ஆகியவை மாவட்ட நீதிமன்றத்தில். கொலை போன்ற பாரிய குற்றங்களும் ஊவா மாகாண மேன்முறையீடுகளும் மேல் நீதிமன்றத்தில். தோட்டத் துரை வேலையை விட்டு நிறுத்தினார் என்று தொடுத்த வழக்கு இவை எதிலும் இருக்காது. அது தொழில் நியாயசபைக்கு உரியது, அதன் அலுவலகமே வேறு. மத்தியஸ்த சபையில் முடிந்த பிணக்கும் அப்படித்தான், அதன் சான்றிதழைச் சபையிடம்தான் கேட்க வேண்டும்.

சம்பவம் நடந்த ஊரிலேயே ஏடும் இருக்கும் என்றில்லை. 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். அந்த வழக்கை மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் கொழும்பு மேல் நீதிமன்றத்தில்தான் விசாரித்தது. 2003 இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 ஆகும்போது உயர் நீதிமன்றத்தில் ஐவருமே விடுதலையாகிவிட்டார்கள். அதைப் பற்றி எழுத நினைக்கும் ஒருவர் பண்டாரவளையில் எத்தனை நாள் அலைந்தாலும் அந்த ஏடு கிடைக்காது. சின்ன வழக்குகளிலும் இதுபோல நடக்கும். மேன்முறையீடு செய்தால் மூல ஏடு அதை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குப் போய்விடும். 'ஏடு மேலே போய்விட்டது' என்று பதிவகத்தில் சொன்னால் அது தட்டிக்கழிப்பாகவே இருக்க வேண்டியதில்லை. எந்த நீதிமன்றத்துக்கு, எந்த மேன்முறையீட்டு இலக்கத்தில் போனது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இலக்கம். வழக்கு இலக்கம் இல்லாமல் பதிவறைக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனதுதான் மிச்சம். பழைய அழைப்பாணை, பிணை கட்டிய சீட்டு, சட்டத்தரணியின் கோவை ஏதாவது ஒன்றில் இலக்கம் இருக்கும். ஒன்றுமே கிடைக்கவில்லையா? இரு தரப்பின் முழுப்பெயரையும் வழக்கு நடந்த வருடத்தையும் கொடுத்தால் பதிவேட்டைப் பார்த்துத் தேடலாம். பெயர் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பது இங்கே பெரிய சிக்கல். அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் ஒன்று, தோட்டத்தில் கூப்பிடுவது இன்னொன்று என்றிருப்பவர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது நல்லது. குற்ற வழக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொலிஸ் முதலில் தாக்கல் செய்யும் 'பி' அறிக்கைக்கு ஓர் இலக்கம் இருக்கும். பிறகு குற்றப்பத்திரம் தாக்கலாகும்போது வேறு இலக்கம் விழும். முதல் இலக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பைத் தேடினால் கிடைக்காது.

இடமும் இலக்கமும் தெரிந்த பிறகு வேலை எளிது. பதிவாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். வழக்காளியோ எதிராளியோ நேரடியாகக் கொடுக்கலாம். சட்டத்தரணி வைத்திருந்தால் அவர் நகர்த்தல் பத்திரம் மூலம் கேட்பார். எந்தப் பகுதி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'முழு ஏடும்' என்று கேட்டால் பக்கக் கட்டணமும் ஏறும், காத்திருப்பும் நீளும். மறுமணத்துக்குத் தீர்ப்பாணை போதும். மேன்முறையீட்டுக்கு என்றால் சாட்சியம், ஆவணங்கள், தீர்ப்பு எல்லாம் வேண்டும். கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் யாராவது 'தேத்தண்ணிக் காசு' கேட்டால் அது இலஞ்சம்தான். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். பதிவாளரும் மொழிபெயர்ப்பாளரும் நீதிச்சேவை ஆணைக்குழுவின் பொறுப்பில் வருபவர்கள், ஆகவே அங்கேயும் எழுதலாம்.

விவாகரத்து விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. தீர்ப்புச் சொன்னதும் வருவது டிகிரி நைசி என்ற இடைக்காலத் தீர்ப்பாணை. மூன்று மாதம் கழித்து அது டிகிரி அப்சலூட் என்ற இறுதித் தீர்ப்பாணை ஆனால்தான் திருமணம் சட்டப்படி முடிந்ததாகும். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திருமணப் பதிவாளரிடம் நின்று திரும்பி வந்தவர்கள் ஏராளம். பிரதி கேட்கும்போது இரண்டாவதைக் கேளுங்கள்.

வழக்கோடு சம்பந்தமில்லாத ஒருவர் கேட்கலாமா? அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை. யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். குடும்ப விவகாரம், பாலியல் விடயம், தேசிய பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் நீதிபதி கதவை அடைக்க முடியும். ஆனால் உட்கார்ந்து கேட்கும் உரிமை இருப்பதால் ஏட்டின் பிரதியும் கிடைத்துவிடும் என்றில்லை. தரப்பினர் அல்லாதவர், பத்திரிகையாளர் உட்பட, ஏன் வேண்டும் என்று காரணம் காட்டி நீதிபதியின் அனுமதி பெற வேண்டும். சிறுவர் சம்பந்தப்பட்ட ஏடு வெளியாருக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

இனி மொழிக்கு வருவோம். பதுளை மாவட்டத்துத் தமிழருக்கு இதைவிட முக்கியமான விஷயம் இந்தக் கட்டுரையில் இல்லை.

வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு மொழி சிங்களம். மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என்று அறிவிக்கப்பட்டது நிர்வாகத்துக்குத்தான், அதனால் வழக்கேட்டின் மொழி மாறிவிடவில்லை. நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறித் தமிழில் பேசுகிறீர்கள். நீதிமன்ற உரைபெயர்ப்பாளரான முதலியார் அதைச் சிங்களத்தில் சொல்கிறார். சுருக்கெழுத்தாளர் அந்தச் சிங்களத்தைப் பதிகிறார். நீங்கள் சொன்ன தமிழ் வாக்கியம் எந்த ஏட்டிலும் இல்லை. நாளைக்கு மேன்முறையீட்டில் நீதிபதி வாசிப்பது முதலியாரின் சிங்களத்தைத்தான். கொழுந்து நிறுவையில் நடந்த தகராறும், கங்காணி சொன்ன வார்த்தையும், லயத்துக் கோடிப்புறத்தில் நடந்த அடிதடியும் அந்த வழியாகப் போய் வரும்போது எங்கே வளைந்தன என்று சொன்னவருக்கே தெரியாது. எழுத்தில் வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1988 இல் வந்த 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. வழக்கைத் தொடங்குவதும் மனுக்களையும் ஆவணங்களையும் தாக்கல் செய்வதும் சிங்களத்திலோ தமிழிலோ செய்யலாம். அடுத்து, 24(3)இன்படி, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கும் அவர் சார்பில் சட்டப்படி தோன்றுபவருக்கும் அரசு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் வழங்க வேண்டும். அதோடு, சட்டப்படி பெறக்கூடிய ஏட்டுப் பகுதியை அல்லது அதன் மொழிபெயர்ப்பைத் தமிழில் பெறவும் அவருக்கு உரிமை உண்டு.

இந்த உரிமை யாரும் கேட்காமல் தானாக வந்து சேராது. வாயால் கேட்டால் 'தமிழில் இல்லை' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே எழுதலாம். 'மேற்படி இலக்க வழக்கில் நான் எதிராளி. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இந்தத் திகதிகளில் பதியப்பட்ட சாட்சியத்தினதும் தீர்ப்பினதும் சான்றுப்படுத்திய பிரதியையும், அரசியலமைப்பின் 24(3)ஆம் உறுப்புரையின்படி அவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பையும் பெற்றுத் தருமாறு கேட்கிறேன்.' இவ்வளவு போதும். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், திகதி, கையொப்பம் இட்டு, இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதே கோரிக்கையைத் திறந்த நீதிமன்றத்தில் சட்டத்தரணி மூலம் முன்வைத்தால் ஏட்டில் பதிவாகும். பதிவில் ஒரு வாக்கியம் பிழையாக இருந்தால், அதைத் திருத்தக் கேட்டு நகர்த்தல் பத்திரம் போடுவதற்கும் அதுவே நேரம். தீர்ப்பு வந்த பிறகு கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை உண்மையானது, தமிழ்ப் பிரதி வர மாதங்களும் ஆகலாம். அதற்காகச் சிங்களப் பிரதியை எடுக்காமல் காத்திருப்பது ஆபத்து. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்ய 14 நாளுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும், 60 நாளுக்குள் மனு போட வேண்டும். நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டுக்கும் 14 நாள்தான். மொழிபெயர்ப்பு வரவில்லை என்று அந்த நாட்கள் நிற்கமாட்டா. சிங்களப் பிரதியைக் கையில் எடுத்து, வாசிக்கத் தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வசதி இல்லாதவர்களுக்கு 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் வரைவிலக்கணத்துக்குள் நீதிமன்றங்களும் அடங்குகின்றன. ஆனால் சொந்த வழக்கின் பிரதிக்கு அந்த வழியாகப் போவது சுற்றுவழி, பதிவாளருக்கு நேரே விண்ணப்பிப்பதே குறுக்குவழி. இந்தச் சட்டம் உதவுவது வழக்கைச் சுற்றியுள்ள ஏனைய கடதாசிகளுக்கு. ஊழியர் சேமலாப நிதியைக் கட்டாத தோட்ட நிர்வாகம் பற்றித் தொழில் திணைக்களம் என்ன நடவடிக்கை எடுத்தது, உங்கள் பொலிஸ் முறைப்பாடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பவற்றை அந்தந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். உரிமை பிரசைகளுக்கு மட்டும். மலையகத்தில் ஒரு தலைமுறைக்கே பிரசாவுரிமை இல்லாமல் இருந்த நாட்டில் அந்த நிபந்தனையைக் கவனிக்காமல் போக முடியவில்லை.

இணையத்தில் தேடிப் பார்க்கலாமே என்றால், உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தளங்களில் வெளியிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். பதுளை மாவட்ட நீதிமன்றத்திலோ நீதவான் நீதிமன்றத்திலோ உள்ள ஏட்டை வாங்க இன்னும் பஸ்தான் ஏற வேண்டும். பிரித்தானியர் காலத்துக் கச்சேரி ஆவணங்களைத் தேடும் ஆய்வாளர்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகலாம். காணி உறுதி தேடுபவர்கள் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும், வழக்கேட்டில் தேடிப் பயனில்லை.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் புதைந்துபோயின. நீதிமன்ற ஏட்டுக்குள் இருப்பது லயத்தோடு அப்படிப் புதைந்துபோவதில்லை, மறுபடியும் பிரதி எடுக்கலாம். ஆனால் இலக்கம் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வழக்கு எதுவாக இருந்தாலும் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், வருடம் மூன்றையும் இன்றைக்கே ஒரு துண்டில் எழுதி, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.